கெரட்டாரத்தில் தொலைந்த விதி

நான் செய்த தேடுபொறியில் முதன்முதலாக அடித்துப் பார்த்த சொல் எங்கள் ஊர்ப் பெயர்தான். கொட்டாரம். எண்டரைத் தட்டினேன். 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது. பக்கத்திலேயே திறந்து கிடந்த தீர்மான நகலில் அதே பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

அரைநாள் அதிலேயே போயிற்று. கடைசியில் அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டே வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நகலைத் தட்டச்சு செய்தவர் 'கெ' போட்டு, துணைக்கால் போடவேண்டிய இடத்தில் 'ர' போட்டிருந்தார். கெரட்டாரம். அச்சில் எடுத்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. செயல் அலுவலர் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஆண்டுக்கணக்கில் கோப்பில் கிடந்த காகிதம் அது. மனிதக் கண் தானாகத் திருத்திப் படித்துக்கொண்டது. இயந்திரத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது.

உள்ளாட்சி விதிகளைத் தேடித் தரும் வேலைக்கு நான் வந்த கதையை இங்கிருந்து தொடங்குவதுதான் சரி. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாடம் எல்லாமே, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வேறாக இருந்ததில் கிடைத்தவைதான்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், கொட்டாரத்தில், எனக்கு ஒரு டி.டி.பி. கடை. ஜெராக்ஸ், மனு, வரைபட விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் உண்டு. அப்பா பத்திர எழுத்தர். எங்கள் பக்கத்தில் பத்திரத்தைப் பிரமாணம் என்று சொல்லும் பழக்கம் பழைய ஆட்களிடம் இன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துச் சீமை. கொட்டாரம் என்ற பெயரே மலையாளத்தில் அரண்மனை. அதனால் அப்பாவின் மேசைக்கு வந்த பழைய பிரமாணங்களில் பாதி மலையாளத்தில் இருக்கும், ஆண்டு கொல்லத்தில் இருக்கும். ஆவணி பிறந்து டிசம்பர் முடியும் வரை 824 கூட்டு, ஜனவரிக்குப் பிறகு 825 கூட்டு என்பது அவர் கணக்கு. கொல்லம் 1100 ஆவணி என்றால் 1924. எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் வலது மூலையில் பென்சிலால் இங்கிலீஷ் வருஷத்தை எழுதுவார். அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்குவார். சின்ன வயதில் இது எனக்குக் கிழட்டுப் பழக்கமாகத் தெரிந்தது.

கடைக்கு வருகிறவர்கள் மனு எழுதத்தான் வருவார்கள். ஆனால் மனு எழுத உட்கார்ந்தால் கேள்வி வேறாக இருக்கும். "இவனுவ எந்தச் சட்டத்துல இப்படிக் கேக்கானுவ அண்ணாச்சி?" என்பதுதான் அது. பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஒட்டி மாடி எடுக்கலாமா, பெட்டிக்கடைக்கு உரிமக் கட்டணம் எவ்வளவு, தெருக்குழாய்க்கும் வீட்டுக்குழாய்க்கும் வைப்புத்தொகை என்ன. எனக்குத் தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் யாரிடமாவது ஒரு அரசாணை நகல் வாங்கி, ஜெராக்ஸ் போட்டு ஒன்றை நானும் வைத்துக்கொள்வேன். இப்படிச் சேர்ந்து சேர்ந்து இரண்டு அலமாரி நிறைந்தது. அலமாரி நிறைந்த பிறகு எதையும் எடுக்க முடியவில்லை. தேடுபொறி பிறந்தது அறிவால் அல்ல, அந்த எரிச்சலால்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது எனக்குப் பெரிய கதவு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால், முப்பது நாளில் பதில் வரவேண்டும். அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் அலுவலகம் தன் வேலைக்குப் பயன்படுத்தும் விதிகள், அறிவுரைகள், கையேடுகள் எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அது. அதைச் சுட்டிக்காட்டியே பல ஊர்களின் துணைவிதிகளைக் கேட்டு எழுதினேன். சில இடங்களில் அழகாகப் பிரதி எடுத்து அனுப்பினார்கள். ஓர் அலுவலகம் 'கோப்பு காணக் கிடைக்கவில்லை' என்று ஒற்றை வரியில் முடித்தது. தான் வசூலிக்கும் கட்டணத்தின் விதியையே தொலைத்த அலுவலகம், வசூலை மட்டும் தொலைக்கவில்லை.

காகிதம் சேர்ந்தது. இனி அதைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தர வேண்டும்.

தமிழில் டி.டி.பி. வேலை பார்த்தவர்களுக்கு எழுத்துருக் குழப்பத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் பாமினி, வானவில் என்று ஆளுக்கொன்று. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய கோப்புகளை எல்லாம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றும்போதுதான் எங்கள் ஊர்ப் பெயர் என்னை இரண்டாவது முறை பழிவாங்கியது. பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். ஒருங்குறியில் க முதலில் வரும், கொம்பும் காலும் பின்னால் வரும். அப்படி வரும்போது 'கொ'வை இரண்டு விதமாக எழுத இடம் உண்டு. கொம்பையும் காலையும் சேர்த்த ஒரே குறி ஒன்று, கொம்பு தனி கால் தனியாக இரண்டு குறி இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே கொட்டாரம். கணினிக்கு இரண்டு வெவ்வேறு ஊர். கெரட்டாரத்தையும் சேர்த்தால் மூன்று. ஒருங்குறி விதிப்படி முதல் இரண்டும் சமம்தான், சமப்படுத்தும் வழியும் அதிலேயே இருக்கிறது. நான் பயன்படுத்திய மாற்றி அதைச் செய்யவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்த பிறகு, உள்ளே வரும் எழுத்தையும் தேட அடிக்கும் சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்புதான் ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் கடையின் முதல் சட்டமானது.

ஸ்கேன் செய்த காகிதங்களுக்கு டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் உதவியது. 2018-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு தமிழை முன்பைவிட நன்றாகவே படித்தது. ஆனால் ர-வையும் துணைக்காலையும் அதுவும் குழப்பும். முத்திரை விழுந்த இடத்தில் எழுத்தே போய்விடும். முத்திரையைக் கையெழுத்தின் மேல் குத்துவார்கள், கையெழுத்துக்குக் கீழேதான் தேதி இருக்கும். ஆகவே ஒரு காகிதத்தில் மற்றதெல்லாம் ஒழுங்காக வந்து தேதி மட்டும் வராமல் போவது வழக்கமாக இருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விதிதானே முக்கியம், தேதி போனால் போகட்டும் என்று விட்டேன். அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

எழுத்து சரியானதும் சொல் வந்து நின்றது. 'கட்டடம்' என்று தேடினால் 'கட்டிடம்' வராது. 'மரம்' என்று அடித்தால் 'மரத்தை வெட்டுதல்' வராது. மகர மெய் போய் அத்துச் சாரியை வந்துவிடுகிறதே. வல்லெழுத்து மிகுந்தால் 'கழிவுநீர்' வேறு, 'கழிவுநீர்க்' வேறு. சொல்லின் வாலை அறுத்து வேரைப் பிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். பள்ளியில் புணர்ச்சி விதியில் மதிப்பெண் குறைந்தவனுக்கு, கடையில் உட்கார்ந்து புணர்ச்சி விதி எழுதும் தண்டனை.

இதையெல்லாம் முடித்து, பெட்டி நன்றாக ஓடுகிறது என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். "பெட்டியில பாத்துச் சொல்லு." அப்படி வந்தவர்களில் ஒரு பாட்டி. 2022-இல் சொத்துவரிச் சீராய்வு வந்த சமயம்.

"மக்கா, எங்க வீட்டு வரி ஒண்ணுக்கு ஒண்ணரையா கூடியிருக்கு. எந்தச் சட்டத்துலன்னு பாத்துச் சொல்லுகியா?"

வீட்டு வரி என்று அடித்தேன். கைநிறைய விடை வந்தது. எல்லாம் அசல் விதிகள். ஆனால் ஒன்றுகூடப் பாட்டிக்கு உதவாது. ஏனென்றால் வீட்டு வரி என்பது ஊராட்சிகளின் சொல். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் கிராம ஊராட்சி விதிப்பது வீட்டு வரி. பேரூராட்சியிலும் நகராட்சியிலும் மாநகராட்சியிலும் அதன் பெயர் சொத்துவரி. பாட்டி பேசுவது நல்ல தமிழ், ஆனால் வேறொரு சட்டத்தின் தமிழ். பாட்டிக்கு உரிய ஆணை 2022 சீராய்வில் இருந்தது. எங்களைப் போன்ற பேரூராட்சிகளில் குடியிருப்பு 600 சதுர அடி வரை 25 சதவீத உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பாட்டியின் வீடு 600-ஐக் கொஞ்சம்போலத் தாண்டியிருந்தது. ஒண்ணுக்கு ஒண்ணரை என்று அவர் சொன்னது துல்லியமான கணக்கு.

"அப்போ அந்தக் கோழிக்கூட்டுச் சாய்ப்பை இடிச்சா கொறையுமா?" என்று கேட்டார். பெட்டியில் அதற்கு விடை இல்லை.

அன்றைக்குத்தான் இந்தத் தொழிலின் சரியான இடம் புரிந்தது. மக்கள் ஒரு மொழியில் கேட்கிறார்கள், அரசு இன்னொரு மொழியில் எழுதுகிறது, இரண்டுக்கும் பெயர் தமிழ். எங்கள் ஊரில் 'பிளான் பாஸ்' என்பார்கள். எந்தச் சட்டத்திலும் அந்தச் சொல் கிடையாது, அது கட்டட அனுமதி அல்லது திட்ட அனுமதி. 'ஓடை' என்றால் வடிகால். 'குப்பைக்காசு' என்றால் திடக்கழிவு மேலாண்மைக்கான பயனாளர் கட்டணம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வோர் உள்ளாட்சியும் துணைவிதி இயற்ற வேண்டும் என்றன, அதற்குப் பிறகு வந்த சொல் அது. போதாக்குறைக்கு விதிகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் கைக்குக் கிடைக்கிறது. ஆகவே ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் வாடிக்கையாளர் வாயில் வந்த சொல், நடுவில் கோப்புத் தமிழ், வலப்பக்கம் சட்ட ஆங்கிலம். தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதி நடுவையும் வலத்தையும் இணைத்தது. இடப்பக்கத்தை இணைக்க எந்த அகராதியும் இல்லை, கடைத் திண்ணைதான். யாராவது ஒரு கேள்வியோடு வந்து, பெட்டி கையை விரித்துவிட்டால், அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதிவைப்பேன். இன்றும் என்னிடம் விலைமதிப்புள்ளது நிரல் அல்ல, அந்த நோட்டுத்தான்.

ஆனால் எழுத்தும் சொல்லும் சரியாகிவிட்டால் விதி கிடைத்துவிடும் என்று நினைத்திருந்த ஆண்டுகளில்தான் பெரிய தப்பைச் செய்தேன். அது பாட்டி வருவதற்கு முன்பு, 2019.

பக்கத்தில் ஓர் ஊராட்சி எல்லையில் ஒருவர் வீடு கட்ட முனைந்தார். வரைபடம் போட்டவர் என்னிடம் விதி கேட்டார். பெட்டியில் தேடி, 1997-ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளை அச்செடுத்துக் கொடுத்தேன். அழகான அச்சு, விதி எண்ணோடு. அதன்படி இடைவெளி விட்டு வரைந்தார்கள். கோப்பு திரும்பி வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்துவிட்டன. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று தனித்தனியாக இருந்த கட்டட விதிகளுக்குப் பதிலாக மாநிலம் முழுவதற்கும் ஒன்று. நான் கொடுத்தது பொய்யான விதி அல்ல, செத்துப்போன விதி. என் பெட்டியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழையதில் சொற்கள் கூடுதலாகப் பொருந்தியதால் அது மேலே வந்துவிட்டது.

அவருக்கு இரண்டு மாதம் போனது, திரும்ப வரையும் கூலியும் போனது. கூலியை நான் கொடுத்தேன். இரண்டு மாதத்தை யார் கொடுப்பது? வாடகை வீட்டில் இருந்து கட்டுகிறவர். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. "நீங்க பெட்டியில பாத்துத்தான குடுத்தீய அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவு அப்பாவின் பென்சில் நினைவுக்கு வந்தது. வலது மூலையில் வருஷம். அதற்குப் பிறகுதான் வாசிப்பு.

காகிதத்தில் இருக்கும் விதி எப்போதும் இருந்துகொண்டே இருக்கும், அதற்குச் சாவு கிடையாது. சாவது அதன் அதிகாரம். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்புக்கு முன் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டங்கள். 1956-இல் மாவட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1957-இல் மாற்றப்பட்ட நிலப்பகுதிக்குச் சென்னைச் சட்டங்களை நீட்டிக்க ஒரு தனிச் சட்டமே போட்டார்கள். பிறகு 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். அரசமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்களுக்குப் பின் 1994 முதல் பேரூராட்சிகள் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் வந்தன. 2004-இல் 30,000-க்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட 561 பேரூராட்சிகள் சிறப்பு கிராம ஊராட்சிகள் ஆக்கப்பட்டன. இரண்டே ஆண்டில், 2006-இல், மறுபடியும் பேரூராட்சிகள். ஊர் அதே இடத்தில்தான் இருந்தது. மருந்துவாழ்மலை நகரவில்லை. மேலே இருந்த சட்டம்தான் பாயை மாற்றி மாற்றி விரித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு வேடிக்கை 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். பெயரில் 1998 என்று இருக்கிறது. 2000-இல் அதை நிறுத்திவைத்தார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூக்கம். 2022-இல் திருத்தி, 2023 ஏப்ரல் 13-இல் புதிய விதிகளோடு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1998 என்ற எண்ணைப் பார்த்து இது பழையது என்று கீழே தள்ளும் தேடுபொறி, இன்றைக்கு உயிரோடு இருக்கும் சட்டத்தையே குழியில் தள்ளிவிடும். 1920 என்ற எண்ணைப் பார்த்து, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் எப்போதோ போயிருக்கும் என்று நினைத்தால், அது 2023 வரை எங்கள் தெருவை ஆண்டுகொண்டிருந்தது. பிறந்த தேதி வேறு, உயிர் வந்த தேதி வேறு, திருத்திய தேதி வேறு, நீங்கிய தேதி வேறு. நீங்கிய பிறகும், பழைய சட்டத்தின் கீழ் செய்தவை செல்லும் என்று காப்புப் பிரிவு வேறு நிற்கும்.

ஊரடங்குக் காலத்தில் கடை மூடிக் கிடந்தபோது பெட்டியை முழுக்கக் கலைத்துக் கட்டினேன். கோப்பு கோப்பாக இருந்ததை விதி விதியாக உடைத்தேன். ஒவ்வொரு விதிக்கும் நான்கு தேதிகள். தேதி தெரியாவிட்டால் அந்த விதி மஞ்சள் பட்டியோடு வரும், 'சரிபார்க்கவும்' என்று. முத்திரையின் அடியில் புதைந்த தேதிகளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தோண்டினேன். அப்படியும் அகப்படாதவை அரசிதழில் அகப்பட்டன.

அந்த நாட்களில்தான் கொரியாவில் படிக்கப் போயிருந்த மருமகன், அக்கா மகன், வீடியோவில் பேசினான். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "மாமா, இங்க இது இருக்கு, பாருங்க" என்று தன் திரையைக் காட்டினான். அந்நாட்டுச் சட்டத் துறை நடத்தும் தேடுதளம். கொரியாவில் அப்போது மாகாணம், பெருநகரம் என்று 17 பெரிய உள்ளாட்சிகள், அவற்றின் கீழ் 226 சிறியவை, ஆக 243. ராணுவ ஆட்சியில் முடங்கிப்போயிருந்த உள்ளாட்சி மன்றங்கள் 1991-இல் மீண்டும் வந்தன. தலைவர்களையும் மக்களே தேர்ந்தெடுப்பது 1995-இல் தொடங்கியது. ஒவ்வொரு மன்றமும் இயற்றும் ஊர்ச்சட்டத்துக்கு அவர்கள் மொழியில் ஜோரே என்று பெயர். ஒரு சொல்லை அடித்தால், எந்தெந்த ஊரில் அதைப் பற்றி ஜோரே இருக்கிறது என்று வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு தேதி, வெளியிட்டது ஒன்று, நடைமுறைக்கு வந்தது இன்னொன்று. வரலாறு என்ற பொத்தானைத் தட்டினால் அந்த ஊர்ச்சட்டம் பட்ட திருத்தம் எல்லாம் ஏணிப்படி மாதிரி இறங்குகிறது. வெளியார் அந்தத் தரவை எடுத்துத் தங்கள் கருவியைச் செய்துகொள்ளவும் வழி விட்டிருக்கிறார்கள்.

நான் இரண்டு வருஷம் மண்வெட்டி பிடித்துத் தோண்டியதை அங்கே குழாயில் விட்டிருந்தார்கள். பொறாமையாக இருந்தது, ஒளிப்பானேன்.

ஆனால் மருமகன் சொன்ன இன்னொன்று பொறாமையைக் கொஞ்சம் ஆற்றியது. கொரிய மொழியும் சொல்லுக்குப் பின்னால் உருபை ஒட்டிக்கொண்டே போகும் மொழி. அவர்களுக்கும் வாலறுக்கும் வேலை உண்டு. அவர்கள் எழுத்தையும் சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம். கோப்புப் பெயர் பிரிந்துபோய்த் தேடலில் அகப்படாத தொல்லை அங்கேயும் உண்டாம். அவர்கள் ஊரிலும் ஒரு கெரட்டாரம் இருக்கிறது. ஒரு வித்தியாசம்: கூட்டெழுத்து 11,172-க்கும் ஒருங்குறியில் 1996-இலேயே தனித்தனி இடம் வாங்கிவிட்டார்கள். நமக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. நாம் டேஸ்16 என்று தனி அறையில் வைத்துக்கொண்டோம்.

நம் நாட்டில் இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் மத்திய, மாநிலச் சட்டங்களைப் பார்க்கலாம். நல்ல வேலைதான். ஆனால் ஓர் ஊரின் துணைவிதி வரை இறங்கினால் கை வெறுங்கையாகவே திரும்பும். நம் மன்றங்கள் இயற்றும் துணைவிதிக்கு அரசின் ஒப்புதல் வேண்டும், மாவட்ட அரசிதழில் வர வேண்டும், அதற்கு மேல் அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்து புதிதாக வந்த கவுன்சிலர்கள் சிலர் என் கடைக்கே வந்து, தங்கள் வார்டில் எந்தத் துணைவிதி நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய தேர்தல் 2011. இடைப்பட்ட காலத்தில் மன்றத்தின் நினைவே அறுந்துபோயிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரனிடம் ஊரின் நினைவு இருப்பது எனக்குப் பெருமை, ஊருக்கு அல்ல.

இப்போது எல்லோரும் கைபேசியில் செயற்கை அறிவிடம் கேட்டுவிடுகிறார்கள். சரளமாக, தயங்காமல் பதில் வருகிறது. ஒரு பையன் அப்படி ஒரு பதிலைக் காட்டி, "இது சரியா அண்ணாச்சி?" என்றான். படித்தேன். எழுத்துப் பிழை இல்லை, சொல்லும் சரியான சொல். 2019-இல் நான் கொடுத்த அச்சு மாதிரியே இருந்தது. எந்தத் தேதியின் விதி என்று கேட்டுப் பாரு என்றேன்.

என் பெட்டியில் இப்போது தேடும் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் இருக்கிறது. எந்தத் தேதிக்கு? அதை நிரப்பாமல் தேடல் நகராது. சிலருக்கு எரிச்சல் வரும். "விதியைக் கேட்டா நாளைக் கேக்கிய" என்பார்கள்.

போன வருஷம் ஒருவர் வந்தார். பக்கத்தில் ஒரு பேரூராட்சிக்காரர். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் வீட்டின் கட்டட அனுமதி. வீட்டின் மேல் கடன் கேட்டிருக்கிறார். கடன் கொடுக்கும் இடத்தில் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முத்திரையில் சிறப்பு கிராம ஊராட்சி என்று இருக்கிறது, உங்கள் ஊரோ பேரூராட்சி, இது சரிப்படாது என்றார்களாம். போலி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அனுமதியின் தேதியைப் பார்த்தேன். 2005.

முதல் கட்டத்தில் 2005 என்று போட்டு, ஊர்ப் பெயரை அடித்தேன். இரண்டு அரசாணை மேலே வந்தன. ஒன்று 2004 ஜூன், பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சி ஆக்கியது. மற்றது 2006 ஜூலை, திரும்பப் பேரூராட்சி ஆக்கியது. இரண்டுக்கும் நடுவில் அவருடைய வீடு நின்றது, அஸ்திவாரம் போட்ட மாதிரி உறுதியாக. முத்திரை சரியான முத்திரை. அந்த இரண்டு வருஷத்துக்குள் அனுமதி வாங்கியவர்களிடம் மட்டுமே இருக்கக்கூடிய முத்திரை.

அச்செடுத்துக் கொடுத்தேன். அனுமதியின் ஜெராக்ஸையும் சேர்த்து அடுக்கி, அதன் வலது மூலையில் பென்சிலால் 2005 என்று எழுதினேன். கை தானாகப் போனது. நாலு பக்கம், இருபது ரூபாய்.

அவர் காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையை ஒருமுறை பார்த்தார்.

"இது கள்ளச் சீலுன்னு இருவது வருஷமா என் பொண்டாட்டியே நெனச்சிட்டு இருக்கா, பாத்துக்கிடுங்க. இத முதல்ல அவகிட்டக் காட்டணும். பொறவுதான் லோனு."